புகை வராத காருக்குப் புகைச் சான்றிதழ்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியது அல்ல, வரிசையில் எனக்கு முன்னால் நின்றது. ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில், ஒரு டீக்கடைக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவே புகைப் பரிசோதனை நிலையம் ஒன்று இருக்கிறது. நிலையம் என்பது மரியாதைக்குச் சொல்வது. தகரக் கூரை, ஒரு கம்ப்யூட்டர், நம்பர் பிளேட்டைப் படம் எடுக்க ஒரு கேமரா, சைலன்சருக்குள் விடுகிற ஒரு டியூப், அவ்வளவுதான். என் காரின் சான்றிதழ் காலாவதியாகி நாலு மாதம் ஆகியிருந்தது. போலீஸ் பிடித்த பிறகுதான் எனக்குக் காற்றின் மேல் அக்கறை வந்தது.

எனக்கு முன்னால் சாம்பல் நிறத்தில் ஒரு பழைய ஹைபிரிட் கார். பெட்ரோலிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும். வயது பதினைந்து. அந்தக் காரால் சோதனையை முடிக்க முடியவில்லை. காரணம், அதிலிருந்து புகையே வரவில்லை.

உங்களுக்குச் சிரிப்பு வந்திருந்தால் நல்லது. எனக்கும் வந்தது. இது நகைச்சுவைக் கதை என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் வரிக்கு மூன்று முயற்சிகள்:

“அம்சவல்லி அன்று காலை எழுந்தபோது வானம்

(நிறுத்திவிட்டேன். வானத்தையும் பார்க்கவில்லை, அவள் எழுந்ததையும் பார்க்கவில்லை.)

“நம் நாட்டில் ஓடும் வாகனங்களில் நூற்றுக்கு

(இது கட்டுரை. நூற்றுக்கு எத்தனை என்பதும் எனக்குத் தெரியாது.)

“நரசிம்மன் காரை விட்டு இறங்கவே இல்லை.”

இது பரவாயில்லை. ஏன் இறங்கவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். நான் சொல்லியாக வேண்டும்.

3

நரசிம்மனுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. இரும்புத் தகடு அழுத்துகிற ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தபோது போனது. அதன் பிறகு நாலு வருஷம் வீட்டை விட்டு அவர் அனேகமாக வெளியே வரவில்லை. அவருடைய மனைவி அம்சவல்லி, ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெளிநாட்டு மேலாளரிடமிருந்து இந்தக் காரை வாங்கினாள். கிளட்ச் கிடையாது, வலது கால் போதும். இப்போது நரசிம்மன் வாலாஜாபாத்தில் ஒரு குடோனில் டைம் கீப்பர். தானே ஓட்டிக்கொண்டு போய் வருகிறார்.*

* இருவரையும் ‘அவர்’ என்று எழுதிப் பார்த்தேன், யார் யார் என்று எனக்கே குழம்பியது. அதனால் அவளை ‘அவள்’ என்கிறேன். நேரில் ‘மேடம்’ என்றுதான் கூப்பிட்டேன்.

பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் இருக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது, நரசிம்மனிடம் கேட்டும் விட்டேன். இந்த ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அதை ஒருநாள் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அம்சவல்லி ஒரு கார் தொழிற்சாலையில் குவாலிட்டியில் இருக்கிறாள். லைனின் கடைசியில் நின்று, வெளியே போகும் ஒவ்வொரு வண்டியையும் சோதித்து முத்திரை வைப்பது அவள் வேலை. இந்த இடத்தில்தான் எனக்கு அவள் மேல் சந்தேகம் வந்தது. வண்டிகளைச் சோதிக்கிறவளே தன் வண்டியைச் சோதனைக்குக் கொண்டுவருகிறாள் என்றால், கதைக்காக நான் பொருத்தி வைத்ததாகத்தான் நீங்கள் நினைப்பீர்கள். அவளை ஒரு டீச்சராக மாற்றியும் எழுதிப் பார்த்தேன். சரிவரவில்லை. கார் தொழிற்சாலைகள் நிறைந்த ஒரகடத்தில் பத்துப் பேரை நிறுத்திக் கேட்டால் நாலு பேர் எதையாவது பாஸ் பண்ணுகிறவர்களாகத்தான் இருப்பார்கள். அடையாள அட்டை அவள் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

4

தொழில்நுட்பம் கொஞ்சம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினைந்து வருஷம் முடிந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். திங்கட்கிழமை காலை ஆர்டிஓ ஆபீசில் அவர்களுக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். செவ்வாயோடு பழைய பதிவு முடிகிறது. புகைச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். நான் சொல்வது சனிக்கிழமை மத்தியானம்.

போன தடவை இந்தக் கார் ஒரே நிமிஷத்தில் தேறிவிட்டதாம். அப்போது அதன் பேட்டரி நைந்து கிடந்தது. பேட்டரியில் சக்தி இல்லாததால் நின்ற இடத்திலும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், டியூபை விட்டால் புகை கிடைக்கும். இந்தத் தடவை அம்சவல்லி விடவில்லை. இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போகிற வண்டி குறையோடு போகக் கூடாது என்று போன மாதம் பேட்டரியைப் புதுப்பித்துவிட்டாள். நல்ல பேட்டரி இருந்தால் நிற்கிற காரில் எஞ்சின் தானாக அணைந்துவிடும். அது அந்தக் காரின் சாமர்த்தியம். டியூபை விட்டதும் கார் அமைதியாகிவிட்டது. ‘மாதிரி போதவில்லை’ என்று கம்ப்யூட்டர் ஏழு தடவை சொன்னது.

வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். சோதனைக்குப் பயந்தவர்கள் சோதிக்கிறவரைச் சரிக்கட்டுவார்கள். இவள் சோதனையை மதித்ததால் வண்டியைத் தேற்றினாள்.

(கதையும் இந்தக் கார் மாதிரிதான் என்று இங்கே ஒரு வரி இருந்தது. எடுத்துவிட்டேன். கார் கார் மாதிரிதான்.)

5

நிலையத்தை நடத்துகிறவர் திருமலை. மஞ்சள் வேட்டி கட்டியிருந்தார். மறுநாள் ஆடிக் கிருத்திகை, வல்லக்கோட்டை முருகனுக்குக் காவடி எடுக்கிறார். ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கினால் செவ்வாய்தான் திறப்பார். அப்போது பன்னிரண்டு பத்து.

அவர் அம்சவல்லியிடம் பேசாமல் நேராக என்னிடம் வந்தார்.

“சார், டியூப உங்க வண்டில வெச்சுக்கட்டா? போட்டோவுல நம்பர் பிளேட்டு இவங்களுது வந்தா போதும்.”

நான் உடனே சரி என்றேன். யோசித்ததாக எழுதலாம், யோசிக்கவில்லை. உதவி மாதிரி இருந்தது, எனக்குச் செலவும் இல்லை.

 திருமலை விரதத்தில் இருந்தார். டீக்கடைக்காரர் நீட்டிய டீயைக்கூட வாங்கவில்லை. கணக்கில் வராத புகை விரதத்தைக் கெடுக்காது போலிருக்கிறது.

அம்சவல்லி வேண்டாம் என்றாள்.

“டெய்லி அறுவது வண்டி என்னத் தாண்டிப் போவுது. ஒண்ணயாச்சும் பாக்காம வுட்டிருக்கேனா? எங்க லைன்ல எவனாவது இத பண்ணா நானே எழுதிக் குடுத்துடுவேன்.”

“லைனு வேற, இது வேற, அக்கா” என்றார் திருமலை.

நரசிம்மன் டிரைவர் சீட்டிலிருந்து தலையை மட்டும் திருப்பினார். அவர் குரல் உயரவில்லை.

“இது போச்சுன்னா நான் திரும்பவும் வூட்லதான், அம்சா. அந்த ஜன்னல், அந்த டிவி. நாலு வருசம் நீயும் பாத்துக்கினுதான இருந்த.”

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. கோபமா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதுவதுதான் என் தொழில், ஆனால் இந்த இடத்தில் கை வரவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அதை மட்டும் நிச்சயமாகச் சொல்வேன்.

6

பேட்டரியை இறக்கிவிட்டால் எஞ்சின் தானே ஓட ஆரம்பிக்கும் என்று அவள்தான் சொன்னாள். ஏசியை முழுசாக வைத்தார்கள். ஹெட்லைட்டைப் போட்டார்கள். நாலு கதவையும் வெயிலுக்குத் திறந்துவிட்டார்கள். டாஷ்போர்டில் பேட்டரியின் அளவு கோடுகளாகத் தெரியும். நரசிம்மன் அதைப் பார்த்துக்கொண்டே எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆறு. அஞ்சு. ரொம்ப நேரம் அஞ்சு.

ஒரு காரை நலிய வைப்பதற்காக நாலு பேர் காத்திருந்தோம். எனக்குப் பின்னால் நின்ற ஆட்டோக்காரர் திட்டிவிட்டு வேறு இடம் தேடிப் போனார்.

நாலு. மூணு.

பன்னிரண்டு நாற்பத்தெட்டுக்கு எஞ்சின் உயிர் பெற்றது. நரசிம்மன் சிரித்தார். அம்சவல்லி தானே டியூபை வாங்கிச் சைலன்சருக்குள் விட்டாள். இந்தத் தடவை கம்ப்யூட்டர் மாதிரியை ஏற்றுக்கொண்டது.

இங்கே முடித்திருந்தால் நல்ல கதை. முதல் வரைவில் இங்கேதான் முடித்தேன். என் மனைவி படித்துவிட்டு, “நெஜமா பாஸ் ஆச்சா?” என்று கேட்டாள்.

ஆகவில்லை. புகையில் கார்பன் மோனாக்சைடுக்கு வரம்பு 0.3 சதவீதம். கார் காட்டியது 0.71. திருமலை இன்னொரு தடவை பார்த்தார், 0.68. எஞ்சினிலிருந்து வரும் புகையைச் சுத்தம் செய்கிற பெட்டி செத்துவிட்டது என்று அம்சவல்லியே சொன்னாள். அந்த மாடலுக்கு அது இப்போது கிடைப்பதில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் கேட்ட நேர்மையான சோதனை நடந்தது. முடிவும் நேர்மையாகவே வந்தது.

7

முடிவுகள்.

(அ) என் காரின் புகையில் அவர்களுக்குச் சான்றிதழ் கிடைக்கிறது. திங்கட்கிழமை பதிவு புதுப்பிக்கப்படுகிறது. நரசிம்மன் இன்னும் ஐந்து வருஷம் வேலைக்குப் போகிறார். அம்சவல்லி தினமும் அறுபது வண்டிகளுக்கு முத்திரை வைக்கிறாள், ஒவ்வொரு தடவையும்

(இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை.)

(ஆ) அவள் மறுக்கிறாள். கார் பழைய இரும்புக்குப் போகிறது. கதையைப் படித்தவர்கள் நேர்மையைப் பாராட்டிவிட்டு, அவரவர் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

திருமலை முடிவைப் பதிவு செய்யவில்லை. “கை கால் கழுவிட்டு வந்துர்றேன்” என்று கொட்டகைக்குப் பின்னால் போனார். மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து. அடுத்தது என் முறை என்று நான் காரில் ஏறி எஞ்சினைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். அம்சவல்லி துப்பட்டாவைக் கையில் சுற்றிக்கொண்டு சூடான டியூபை வெளியே இழுத்தாள். அதைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு என் ஜன்னலுக்கு வந்தாள்.

“சார், உங்க வண்டி ஆன்லதான கீது?”

ஆமாம் என்றேன். வேறொன்றும் கேட்காமல் என் காரின் பின்பக்கம் போனாள்.

டியூப் தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. நின்ற இடம் என் சைலன்சரா, அதற்கு ஓரடி முன்னாலா என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. கண்ணாடியில் பார்த்திருக்கலாம். நான் பார்க்கவில்லை. எனக்கு நேர் முன்னால் நரசிம்மனின் பின்தலை மட்டும் தெரிந்தது. அவரும் திரும்பவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன.

ஒரு மணிக்கு என் சான்றிதழை வாங்காமலே கிளம்பிவிட்டேன். அந்தக் கார் பிறகு ஓடியதா என்று தேடிப் பார்க்கக் கூடாதா என்பீர்கள். அந்த ரோட்டில் நான் இப்போது போவதில்லை, படப்பை வழியாகச் சுற்றிப் போகிறேன்.

எனவே தீர்மானம் உங்களுடையது. டியூப் எங்கே போயிருக்க வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள், எது சொன்னாலும் நான் எதிர்த்துப் பேச மாட்டேன். ஒன்று மட்டும். முடிவு செய்த பிறகு அந்தச் சாம்பல் நிறக் காரின் ஜன்னலுக்குப் போய், கண்ணாடியைத் தட்டி, அதை நரசிம்மனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் முக்கால் மணி நேரம் அவருக்குப் பின்னாலேயே நின்றிருந்தேன், என்னால் முடியவில்லை.