பாயிண்டில் செருகிய அட்டை

“இது காரா, கல்யாணத் தரகரா? ட்யூனிங் பண்ணினதிலேர்ந்து ஒரு நாளாவது நான் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்திருக்கேனா?”

சவரிராஜ் இதைக் காலையிலிருந்து மூன்று தடவை சொல்லிவிட்டார். ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை, செபமாலை உருட்டுகிற மாதிரி. அவர் மனைவி இமெல்டா முருங்கைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

“நேத்து பந்தியில ரெண்டாந்தரம் பாயசம் கேட்டு வாங்கினது யாரு? நானா?”

“போன இடத்துல மரியாதைக்குக் குடிச்சேன்.”

விஷயம் இதுதான். ட்யூனிங் முடிந்து வந்த நாளிலிருந்து அந்தப் பழைய ஹெரால்டு கார் கல்யாணத்துக்கு மட்டும்தான் போகும். ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் சரி. தில்லைநகரில் கிளம்பி மார்க்கெட் பக்கம் திருப்பினால் உறையூரில் ஏதாவது மண்டப வாசலில் போய் நிற்கும். பன்னீர் தெளித்து உள்ளே அழைப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் இவர்களைப் பெண் வீடு என்று நினைப்பார்கள், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு என்று. சாப்பிட்டுவிட்டு வந்து ஏறினால் வண்டி சமர்த்தாக வீடு திரும்பும். கல்யாணத்துக்குப் போனவர்கள் வீடு திரும்பத்தானே வேண்டும்.

சவரிராஜ் காரைக்குடியில் பழைய கார் வாங்குகிற ஒருவரிடம் பேசி முடித்துவிட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் வருவார், இமெல்டா கையெழுத்துப் போட வேண்டியது, அவ்வளவுதான். வீடு சவரிராஜ் பேரில் இருந்தது. கேஸ் சிலிண்டர் அவர் பேரில். நாய்கூட மாட்டாஸ்பத்திரிச் சீட்டில் அவர் பேரில்தான். அப்பா கொடுத்த இந்தக் கார் ஒன்றுதான் இமெல்டாவின் பேரில் இருந்தது.

“ஆபீசுக்குப் போகாத கார் எதுக்கு?”

“உங்களைச் சுமக்கவா எங்கப்பா குடுத்தாரு? விக்க முடியாது. வேற வேலை பாருங்க.”

மெக்கானிக் ஜமால் பாயை வரவழைத்தாள். அடக்கம் என்பது அவர் பட்டறையில் கிடைக்காத உதிரிபாகம். பானெட்டை முன்பக்கமாகக் கவிழ்த்தார். ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடும் எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடினார்.

“நாதஸ்வரம் சுத்தமா கேக்குதும்மா. என் ட்யூனிங்ல குத்தமே இல்ல.”

பிளக்குகளை மாற்றினார். அன்றைக்குப் போன மண்டபத்தில் ஏசி இருந்தது. கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார். முதல் பந்தியிலேயே இடம் கிடைத்தது. டைமிங்கைக் கொஞ்சம் முன்னே தள்ளினார், வண்டி ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போனது. பின்னே தள்ளினார், அதே பெண்ணின் வளைகாப்புக்குப் போனது. சவரிராஜுக்கு அங்கே புளியோதரை பிடித்திருந்தது. ஆனால் வாய்விட்டுச் சொல்கிற ஜாதியில்லை அவர்.

“பாய், போதும்,” என்றாள் இமெல்டா. “பாயிண்டுக்கு என்ன அட்டை வெச்சீங்க?”

எஞ்சினில் தீப்பொறிக்காகத் தொட்டுத் தொட்டுப் பிரியும் இரண்டு உலோகத் துணுக்குகளுக்குத்தான் பாயிண்ட் என்று பேர். அவற்றின் நடுவே எவ்வளவு இடைவெளி விடுவது என்று பார்க்க, ஜமால் பாய் ஓர் அட்டைத் துண்டைச் செருகி உருவுவார். எந்த அட்டையை உருவினாரோ, வண்டி அதையே மனதில் வைத்துக்கொள்ளும். வண்டிகளின் சுபாவம் அது.

“மச்சான் பொண்ணு கல்யாணப் பத்திரிகைம்மா. நல்ல கெட்டி அட்டை. மத்தவனெல்லாம் தீப்பெட்டி அட்டை வெப்பான். நமக்கு அந்தச் சில்லறைப் புத்தி கிடையாது.”

இமெல்டா உள்ளே போனாள். ஆணியில் தொங்கிய சட்டைப் பையிலிருந்து சவரிராஜின் விசிட்டிங் கார்டை எடுத்தாள். காய் நறுக்கிய கத்தியாலேயே ஒரு துண்டு வெட்டிக்கொண்டு வந்தாள்.

“இதை வைங்க.”

ஜமால் பாய் மடக்கிப் பார்த்தார். “சுமாரான அட்டைதான்.”

“ஆளும் அப்படித்தான். வைங்க.”

ஞாயிறு பூசை முடிந்து வந்தபோது காரைக்குடி வள்ளியப்பன் வாசலில் காத்திருந்தார். சவரிராஜ் பேனாவின் மூடியைக் கழற்றி மனைவியிடம் நீட்டினார்.

“முதல்ல அவர் ஓட்டிப் பாக்கட்டும். பிடிச்சுக் கொண்டுபோனாருன்னா கையெழுத்துப் போடறேன்,” என்றாள் இமெல்டா.

வள்ளியப்பன் ஏறி உட்கார்ந்து கிளப்பினார். எஞ்சின் பட்டுப்போல ஓடியது. தெருமுனை வரை போன வண்டி அங்கேயே திரும்பி வந்து, சவரிராஜின் முழங்காலில் பம்பரை வைத்து நின்றது.

“வண்டி அருமைங்க. சார் மட்டும் கொஞ்சம் ஒதுங்கிக்கிட்டா தேவலை.”

சவரிராஜ் ஒதுங்கி ஹாலுக்குள் போனார். வண்டி செருப்பு ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு ஹாலுக்கு வந்தது. படுக்கையறைக்குப் போனார். அங்கேயும் வந்தது. வள்ளியப்பன் நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்துகொண்டார்.

“ஆபீசுக்குக் கிளம்புங்களேன்,” என்றாள் இமெல்டா. “அங்கேயும் பின்னாடியே வரும். அதுதானே ஆசைப்பட்டீங்க?”

“இன்னிக்கு ஞாயித்துக்கிழமை இமெல்டா.”

அவர் மொட்டை மாடிக்குப் போனார். மாடிப்படித் திருப்பத்தில் வள்ளியப்பன் முறையாக ஹாரன் அடித்தார். சவரிராஜ் ஏணி பிடித்துத் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி, மூடியின் மீது உட்கார்ந்தார். வண்டி ஏணியடியில் வந்து நின்று மேலே பார்த்தது.

இமெல்டா துவைத்த துணி வாளியோடு வந்து கொடியில் ஒவ்வொன்றாக உலர்த்த ஆரம்பித்தாள். மூடி கழற்றிய பேனா அவள் கொண்டையில் இருந்தது.

“வீட்டைப் பூட்டிட்டு வந்தியா?” என்று கேட்டார் சவரிராஜ். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். “அந்த ஏணியை மட்டும் கொஞ்சம் எடுத்துடும்மா.”

இமெல்டா அடுத்த சட்டையை உதறினாள். வண்டி இரண்டாவது படியில் சக்கரத்தை வைத்தது.