கார்சியா கார்சியா

சோரியா மலைப்பக்கத்து வால்தெபினாவில் மொத்தம் எழுபத்தொரு பேர். அதில் அறுபத்துநாலு பேர் கார்சியா. அப்பா வழியில் ஒரு கார்சியா, அம்மா வழியில் ஒரு கார்சியா என்று பெரும்பாலோருக்கு அது இரண்டு தடவை வரும். போன வருஷம் கொலம்பியாவிலிருந்து புதுப் பாதிரியார் வந்து, தன் குடும்பப் பெயரும் கார்சியாதான் என்று கூச்சத்தோடு சொன்னபோது, பூசை முடியும்வரை ஜனங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அந்தப் பெயருக்கு வடக்கு மலைக்காரர்களின் பழைய மொழியில் கரடி என்று பொருள் சொல்வார்கள். இல்லை, இளையவன் என்பார்கள் வேறு சிலர். எந்தப் பண்டிதரும் அடித்துச் சொன்னதில்லை. நாடு முழுக்கப் பதினாலு லட்சம் பேர் சுமந்து திரிகிற பெயருக்கு என்ன பொருள் மிஞ்சியிருக்கும்? அதனால்தான் வால்தெபினாவில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பட்டப்பெயர். தபால்காரர் முதல் கல்லறை தோண்டுகிறவர் வரை எல்லாருக்கும் அதை வைத்துத்தான் ஆளைத் தெரியும்.

அம்பாரோவின் குடும்பத்துப் பட்டப்பெயர் பன்னிக்களவாணி.

ஏதோ ஒரு பஞ்சக் காலத்தில் அவளுடைய அப்பாவின் தாத்தா, ஏழு பிள்ளைகளின் பசி பொறுக்காமல், பக்கத்து வீட்டுப் பன்றியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். தின்றது ஒரு வாரம். பெயர் நாலு தலைமுறைக்கு நின்றது. பள்ளிக்கூடத்தில் யாருடைய பென்சில் காணாமல் போனாலும் பிள்ளைகள் அம்பாரோவின் பையைத்தான் பார்த்தார்கள். அவள் நடக்கும்போது பின்னால் பன்றி போல உறுமினார்கள். பதினேழு வயதில் சரகோசா நகரத்துக்குப் போய்விட்டாள். அங்கே சுகாதார நிலையத்தில் முன்மேசை வேலை. "கார்சியா" என்று கூப்பிட்டால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு நிம்மதியாக இருக்கும். கூட்டத்தோடு கூட்டமாக இருப்பதில் எவ்வளவு சுகம் என்று, தனியாக நிறுத்திக் கேலி செய்யப்பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

கண் ஆபரேஷனுக்காக அப்பாவை சரகோசாவுக்கு அழைத்துப் போயிருந்தாள். கண் நன்றாகத்தான் இருந்தது. பத்தாம் நாள் காலை, காப்பிக்குச் சர்க்கரை போட்டுக்கொண்டே மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஈமக்காரியம் செய்யும் கடையிலிருந்து ஒரு பையன் போன் செய்தான். ஊரில் ஒட்டும் மரண அறிவிப்புக்கு விவரம் வேண்டுமாம்.

"சதூரியோ கார்சியா கார்சியா. சனிக்கிழமை மாலை அஞ்சு மணி. அவ்வளவுதான்," என்றாள் அம்பாரோ.

"எந்த ஊருங்க? வால்தெபினாங்களா? அப்ப கீழ பட்டப்பேரு போடணுமே."

"வேண்டாம்."

"போடலன்னா யாருன்னு தெரியாதுங்க. அந்த ஊருக்கு நான் எத்தனையோ அடிச்சிருக்கேன்."

"தம்பி, செத்தது என் அப்பா. அவர் பேரு கார்சியா. அதை மட்டும் போடு."

மகளின் பெயர்கூட வேண்டாம், குடும்பத்தார் என்று போட்டால் போதும் என்றாள். ஆயுசு முழுக்கக் களவாணியாக இருந்த மனிதர் கடைசி நாளிலாவது கௌரவமாகப் போகட்டும் என்று நினைத்தாள். அந்த நினைப்பில் பாதி தனக்காக என்பது அவளுக்கே தெரியும்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஊர் வந்து வீட்டைத் திறந்தாள். பெட்டியோடு அவள் கணவன் நாலரைக்கு நேரே தேவாலயத்துக்கு வந்துவிடுவார். துக்கம் கேட்க வருகிறவர்களுக்காகக் கூடத்தில் எட்டு நாற்காலி போட்டாள். காப்பி வைத்தாள், பிஸ்கட்டைத் தட்டில் அடுக்கினாள். பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. காப்பியைச் சூடு பண்ணிச் சூடு பண்ணி அது கருகிப் போயிற்று. எண்பத்தொரு வருஷம் இந்த ஊரிலேயே இருந்து விறகு வெட்டித் தந்த மனிதருக்கு இவ்வளவுதானா என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. ஊர் ஜனம் யாருமில்லாத தேவாலயத்தில் அப்பாவின் பெட்டி கிடப்பது கண்முன்னே வந்தது.

மூன்று மணிக்கு வாசலில் ஊன்றுகோல் சத்தம்.

"டேய் களவாணி, இன்னும் கெளம்பலையா? பொம்பள கணக்கா எம்புட்டு நேரந்தான் சிங்காரிப்ப?"

காபினோ மாமா. பக்கத்து வீடு. பன்றியைப் பறிகொடுத்தவரின் பேரன். அந்தக் குடும்பத்துக்கு ஊர் வைத்த பெயர் பன்னிதொலைச்சான். களவு கொடுத்தவனையும் விட்டுவைக்காத ஊர் அது. கறுப்புக் கோட்டு போட்டு, தலையைப் படிய வாரியிருந்தார்.

"வந்துட்டீங்களா புள்ள? கதவு தெறந்திருந்துச்சு, சரி, ஒங்கப்பன் வந்துட்டான்னு நெனச்சேன். கண்ணு எப்பிடி இருக்கு அவனுக்கு? இப்பவாச்சும் சீட்டுல குதிரைப் படத்துக்கும் ராஜா படத்துக்கும் வித்தியாசம் தெரியுதா?"

"உக்காருங்க மாமா."

"உக்கார நேரமில்ல. அஞ்சு மணிக்கு அடக்கம். எவனோ ஒரு சதூரியோ போயிட்டான். எவன்னுதான் வெளங்கல. காலையில ஊரே தெரண்டு கொல்லன் சதூரியோ வீட்டுக்குப் போச்சு. பொம்பளைங்க ஒப்பாரிய ஆரம்பிச்சுட்டாளுக. அவனே கதவத் தெறக்கறான், கையில கரண்டியோட. அப்பறம் பில்பாவோ பட்டணத்துக்குப் போன் போட்டோம், அங்கன இருக்க நொண்டி சதூரியோவுக்கு. அவன் எடுத்து, நான் சாகணும்னு காத்துக்கிட்டா இருக்கீகன்னு கிழிகிழின்னு கிழிச்சுட்டான். மிச்சம் இருக்கது ஒங்கப்பன்தான். அவன் நம்மள எல்லாம் பொதைச்சுட்டுல்ல போவான்..."

பேசிக்கொண்டே அவர் நாற்காலிகளைப் பார்த்தார். பிறகு பிஸ்கட் தட்டை. பிறகு அவள் போட்டிருந்த கறுப்புச் சட்டையை. ஊன்றுகோலைச் சுவரில் சாய்க்கப் போனார், அது சரிந்து விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை.

"வியாழக்கிழம காலையில, மாமா," என்றாள் அம்பாரோ. "வலியில்ல."

அவர் ஒரு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். பிறகு வந்தது கோபம்தான்.

"ஏன் புள்ள பேரு போடல?"

"போட்டிருக்கேனே. சதூரியோ கார்சியா கார்சியா."

"அதெல்லாம் ஒரு பேரா? நானுந்தான் கார்சியா. அந்தப் பாதிரியும் கார்சியா. அவன் செத்த சேதிய நான் மூணு தடவ வாசிச்சேன். பாவம் எவனோன்னுட்டு, ரொட்டிய வாங்கிட்டு வீட்டுக்குப் போனேன்." அவர் கோட்டுப் பொத்தானைக் கழற்றினார். "வாசிச்சுட்டு ரொட்டி வாங்கினேன் புள்ள."

"அந்தப் பேரு எனக்கு அவமானம், மாமா. ஒங்களுக்குத் தெரியாது."

"எனக்கா தெரியாது? என்னைய என்னன்னு கூப்புடறாக? எனக்கும் ஒங்கப்பனுக்கும் ஒரே பன்னியில பொறந்த பேரு. கடைத்தெருவுல அவன் ஒரு பக்கம் வந்தா, இன்னொரு பக்கம் நான் வாரேனான்னு பாப்பாக. ஒனக்கு அது அசிங்கமா இருந்துச்சு, சரி. அவனுக்கு எப்பிடி இருந்துச்சுன்னு கேட்டியா?"

அவள் கேட்டதில்லை. ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அவள் ஊன்றுகோலை எடுத்துக் கொடுத்தாள். இருவரும் ஊராட்சி அலுவலகத்துக்குப் போனார்கள். மீன் வண்டி வருவதையும் தண்ணீர் நிற்பதையும் ஊருக்குச் சொல்லும் ஒலிபெருக்கி அங்கேதான் இருக்கிறது. பொறுப்பு ஃபெலீசாவுக்கு.

"காலையிலயே சொன்னேனே," என்றாள் ஃபெலீசா. "சதூரியோ கார்சியா கார்சியான்னு ரெண்டு தடவ சொன்னேன். எங்க வீட்டு ஆளுன்னு எவரும் சொல்லல." காபினோவின் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "எந்தச் சதூரியோ?"

காபினோ அம்பாரோவைக் கை காட்டினார். ஃபெலீசா மைக்கை அம்பாரோவின் பக்கம் நகர்த்தினாள்.

அம்பாரோ மைக்கைப் பிடித்தாள். ஐம்பத்தாறு வயதில் அந்தச் சொல்லை அவள் வாயால் சொன்னதே இல்லை. கட்டின கணவனுக்குக்கூடத் தெரியாது. மைக்கில் முதலில் அவள் மூச்சுதான் கேட்டது.

"வால்தெபினா ஜனங்களுக்கு. இன்னைக்கு அஞ்சு மணிக்கு அடக்கம் பண்றது..." ஒரு தரம் நிறுத்தினாள். "பன்னிக்களவாணி சதூரியோவை. பேசறது அவர் மக அம்பாரோ. நானும் பன்னிக்களவாணிதான்."

சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. அவள் வெளியே வந்தபோது தெருவில் சத்தமே இல்லை. பிறகு ஒரு கதவு திறந்தது, அப்புறம் இன்னொன்று. ஒரு கிழவர் செருப்பை மாட்டாமலே படியிறங்கினார். கொல்லன் சதூரியோ கோட்டில் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி ஓடி வந்தார். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு பெண்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டு கத்தினாள்:

"ஐயோ, நம்ம களவாணியா?"

அம்பாரோவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.