மோசமான ஈ

மாலை வகுப்பில் நான் கட்டிய தூண்டில் ஈயை டீச்சர் விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முள்ளின் தண்டில் பட்டு நூல், கழுத்தில் மென்மையான கௌதாரி இறகு இரண்டே சுற்று. வேலை அவ்வளவுதான். தண்ணீருக்குள் அந்த இறகு மூச்சு விடுவதுபோல் அசைய வேண்டும்; மீன் அதை நிஜப் பூச்சி என்று நம்பிக் கடிக்க வேண்டும். போதுமோ போதாதோ என்று நான் சுற்றிக்கொண்டே போயிருந்தேன்.

"இது ஈயா, பாட்டில் கழுவுற பிரஷ்ஷா? டிரவுட் மீன் பார்த்தா சிரிச்சிட்டுப் போயிடும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அதைத்தான் எடுத்துக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பினான். கூடப் போனேன். முதல் வீச்சிலேயே மீன் கடித்தது. அடுத்த வீச்சிலும். இறகு பிய்ந்து, நூல் பிரிந்து தொங்கிய பிறகும் கடித்தது. கடைசியில் வெறும் முள்தான் மிச்சம், அதையும் விடவில்லை.

"ராசியான கைடா உனக்கு. உங்க டீச்சர் உன்கிட்ட வந்து படிக்கணும்" என்றான் அண்ணன்.

அந்த ஈயின் லட்சணம் எனக்குத் தெரியும். கோளாறு மீனிடம்தான் இருக்க வேண்டும். ஆற்றுக் கல்லைப் புரட்டி, அடியில் ஒட்டியிருக்கும் பூச்சியின் நிறம் பார்த்து நூலைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். புரட்டினேன். கல் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லையோ என்று வளைவு வரை புரட்டிக்கொண்டே போனேன். ஒரு பூச்சி இல்லை. பாலத்தடியில் சிலந்தி வலைகள் காலியாகத் தொங்கின. வளைவுக்கு அப்பால், அண்ணன் வேலை பார்க்கும் சாய ஆலையின் குழாயிலிருந்து நிறமில்லாத நீர் சத்தமின்றி ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுக் குழாயில் வருவதும் அந்த ஆற்றுத் தண்ணீர்தான்.

அண்ணிக்கு ஏழாம் மாதம். வறுத்த மீனில் பெரிய துண்டை அண்ணன் அவள் தட்டில் வைத்தபோது, சாப்பிட வேண்டாம் என்றேன். கல்லைப் பற்றியும் பூச்சியைப் பற்றியும், தின்ன ஒன்றுமில்லாத மீன்தான் வெறும் முள்ளையும் கடித்தது என்றும் தடுமாறித் தடுமாறிச் சொன்னேன்.

"வடிகட்டித்தான் விடுறோம். வால்வைத் திறக்கிறவனே நான்தான். எனக்குத் தெரியாதா?" என்றான் அண்ணன்.

அண்ணி என்னைப் பார்த்தாள். "உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

எனக்கு எதுதான் நிச்சயமாகத் தெரிந்திருக்கிறது?

"நான் கட்டினது மோசமான ஈ, அண்ணி. அது நிச்சயம்."

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். அண்ணன் அதைத் தன் பக்கம் வெடுக்கென்று இழுத்து, ஒரு துண்டைப் பிட்டான். வாய்வரை போன கை அங்கேயே நின்றது.

பிறகு மீனைக் கீழே வைத்தான். எழுந்து, அண்ணியின் பக்கத்தில் பாதி குடித்து வைத்திருந்த தண்ணீர் டம்ளரை எடுத்து, பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்தான்.