வலித்தால் சொல்லவும்

"எங்க கட்டி?" என்று கேட்ட மாமியாரின் கையிலிருந்த பிஸ்கட் பாதி டீக்குள் இருந்தது.

"மார்புல, அத்தை," என்றாள் மருமகள்.

பிஸ்கட் முழுசாக உள்ளே விழுந்தது. மருமகளின் கணவர், தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை அன்றைக்குத்தான் வாங்கி மாட்டியதுபோல அண்ணாந்து பார்த்தார். அந்த வீட்டில் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். எதிர்வீட்டுக்காரரின் வயிற்றுப்போக்கைப் பற்றிச் சாப்பிடும்போதே பேசுவார்கள். இந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் வாசற்படியைத் தாண்ட அனுமதி இல்லை.

"நெஞ்சுன்னு சொல்லேன். குறைஞ்சா போயிடுவ?"

"நெஞ்சுன்னு சொன்னா ஹார்ட் டாக்டர்கிட்ட அனுப்பிடுவாங்க, அத்தை."

மாமியார் கரண்டியால் பிஸ்கட்டைத் தேடி எடுத்தாள். அவளுக்கு எதையும் டீயில் ஊறவைத்துச் சாப்பிட்டால்தான் பிடிக்கும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதற்கென்றே மகன் பெரிய பாக்கெட்டாக வாங்கி வருவார்.

"சரி, என்ன பண்ணப் போறாங்களாம்?"

"பயாப்சி. ஊசி மாதிரி ஒண்ணை விட்டு, துளியூண்டு சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்புவாங்க. வியாழக்கிழமை வரச் சொன்னாங்க. முழு மயக்கம் கிடையாது. அந்த இடம் மட்டும் மரத்துப்போறதுக்கு ஒரு ஊசி போடுவாங்க."

"அவ்வளவுதானே? போய்ட்டு வா. நம்ம வீட்டுப் பொம்பளைங்க வலின்னு வாயத் தொறந்ததே கிடையாது. பல்லு புடுங்கினப்ப நீ மூச்சு விட்டியா?"

விடவில்லை. அதுதான் விஷயமே.

போன வருஷம் அவளுக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கினார்கள். மரத்துப்போகும் ஊசியைப் போட்ட பல் டாக்டர், யாரோ கதவுக்கு வெளியே அவசரப்படுத்தினார்கள் என்று உடனே இடுக்கியை எடுத்துவிட்டார். ஊசி வேலை செய்யவே இல்லை. ஆட்டிய ஒவ்வொரு ஆட்டும் மண்டை உச்சி வரை தெரிந்தது. அவள் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிடந்தாளே தவிர, 'ம்' என்றுகூடச் சொல்லவில்லை. "நல்லா ஒத்துழைச்சீங்க" என்று டாக்டர் பாராட்டினார். மாமியார் அதைத் தெரு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டாள். அன்றிலிருந்து மருமகள் மனத்தில் ஒரு முடிவு: என் உடம்புக்கு அந்த ஊசி ஏறாது.

மாமியார் தலைப்பிரசவத்தில் கத்தவில்லை. மாமியாருடைய மாமியார் கொதிக்கும் எண்ணெய் கையில் கொட்டியபோது கத்தவில்லை. இப்படி வாயை மூடிக்கொண்டிருந்த பெருமை அந்த வீட்டில் பரம்பரைச் சொத்தாகக் கைமாறி வந்தது. ஆண்களுக்கு மட்டும் அதில் பங்கு இல்லை. கணவருக்குக் கழுத்தில் சுளுக்கு விழுந்தால் தெருக்கோடி வரை கேட்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வாயைத் திறக்காத இந்த மருமகளுக்குச் சோறு போட்டதே அந்த வாய்தான். பேருந்து நிலையத்தில் அறிவிப்பு செய்பவள் அவள். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், எந்தக் குழந்தை அம்மாவைத் தொலைத்துவிட்டு அழுகிறது என்று நாள் முழுக்க ஒலிபெருக்கியில் சொல்வாள். அங்கே எல்லோருக்கும் அவள் மைக் அக்கா.

மறுநாள் மதியம் அறிவிப்பு அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். எதிரே அவளுடைய தோழி. டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து "சில்லறை இருக்கா, சில்லறை இருக்கா" என்று கேட்டுக் கேட்டே அவளுக்குச் சில்லறை என்று பெயர் நிலைத்துவிட்டது.

"கட்டியை நினைச்சா பயமா இருக்கா?" என்றாள் சில்லறை.

"அது என்னவா இருந்தாலும் பாத்துக்கலாம். அந்த ஊசி ஏறலைன்னா என்னடி பண்றது? பல்லுக்கே உயிர் போச்சு. இது..." என்று நிறுத்தினாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. "போகவே வேணாம்னு தோணுது."

"ஆஸ்பத்திரியில இதைச் சொன்னியா?"

"நர்ஸ் கேட்டாங்க. முன்னாடி இந்த ஊசி போட்டப்ப ஏதாவது பிரச்சனையான்னு."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டேன்."

சில்லறை தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு வண்டி அஞ்சு நிமிஷம் லேட்டுன்னா ஊருக்கே சொல்ற. உனக்கு வலிக்குதுன்னா பக்கத்துல நிக்கிற டாக்டருக்குச் சொல்ல மாட்டியா? எங்க, இப்ப சொல்லு. நான்தான் டாக்டர்." டப்பாவை மேசையில் தள்ளி வைத்துவிட்டு, ஸ்பூனை ஊசிபோலப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"வலிக்குது," என்றாள் மைக் அக்கா, சுவருக்கு மட்டும் கேட்கும்படி.

"என்னது? காதுல விழல. குத்திட்டேன் பாரு."

"வலிக்குது."

"இந்தச் சத்தத்துக்கு எறும்புகூட நகராதுடி. நல்லா, அடிவயித்துல இருந்து."

இவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "வலிக்குது. நிறுத்துங்க!" என்று ஒரு குரல் கொடுத்தாள் பாருங்கள்.

அந்தக் குரல் அறைக்குள் மட்டும் கேட்கவில்லை. சில்லறை தள்ளி வைத்த டப்பா மைக் பொத்தானின் மேல் உட்கார்ந்திருந்தது. நிலையத்தின் எல்லாத் தூண்களிலிருந்தும் 'வலிக்குது, நிறுத்துங்க' என்று கிளம்பி, கூரையில் மோதித் திரும்பி வந்தது. பின்பக்கமாக மேடைக்கு வந்துகொண்டிருந்த ஒரு வண்டி அப்படியே குலுங்கி நின்றது. பழம் விற்பவர் தராசைக் கீழே வைத்தார். கூட்டிக்கொண்டிருந்த பெண் துடைப்பத்தைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள்.

ஓட்டுநர் வேர்த்து விறுவிறுத்து அறிவிப்பு அறைக்கு ஓடிவந்தார். "யாரு காலும்மா? ஏத்திட்டேனா? யாருக்கு அடி?"

"யாருக்கும் இல்லண்ணே," என்றாள் சில்லறை, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "ஒத்திகை."

"நல்லா ஒத்திகை பாத்தீங்க. எனக்கு உயிரே இல்ல." அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு போனார்.

சில்லறை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மைக் அக்கா சிரிக்கவில்லை. ஜன்னல் வழியே, மேடையில் பாதியும் வெளியே பாதியுமாக நின்ற அந்த வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு பெரிய வண்டி.

"நிறுத்திட்டாரு, பாரேன்," என்றாள் மெதுவாக. அதற்குப் பிறகுதான் டப்பாவிலிருந்த சோறு இறங்கியது.

இந்தச் செய்தி அவளுக்கு முன்னாலேயே வீடு போய்ச் சேர்ந்திருந்தது. வியாழக்கிழமை காலை, நர்ஸ் சொல்லியிருந்தபடி பவுடர், சென்ட் எதுவும் போடாமல், முன்பக்கம் திறக்கும் தளர்வான சட்டையாகத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டு அவள் கிளம்பியபோது, மாமியார் வாசலில் வந்து நின்றாள்.

"பஸ் ஸ்டாண்டுல வாங்கின மானம் போதும். ஆஸ்பத்திரியிலயாவது வாய மூடிக்கிட்டு இரு."

கணவர் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

ஆஸ்பத்திரியில் அதே நர்ஸ். மருமகள் முதல் வேலையாக அவரிடம் பல் பிடுங்கின கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"ஏம்மா, அன்னிக்கே கேட்டேனே?"

"அன்னிக்கு வாய் வரல."

நர்ஸ் போய் டாக்டரம்மாவிடம் சொல்ல, அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். "உங்க உடம்புக்கு ஊசி ஏறாதுன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. ஊசி போட்டதும் கொஞ்ச நேரம் விடணும். விட்டும் வலிச்சா இன்னும் கொஞ்சம் போடலாம். ஆனா உங்களுக்கு வலிக்குதுன்னு அந்தப் பல் டாக்டருக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல."

"இங்க சொல்லணும். அழுத்தற மாதிரி தெரியும். ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி 'டக்'னு சத்தம் கேக்கும். வலி தெரியக்கூடாது. தெரிஞ்சா சொல்லுங்க, நிறுத்திடறேன்."

படுக்கையில் படுத்தாள். மருந்து ஏறும்போது சுரீரென்று எரிந்து அடங்கியது. கொஞ்ச நேரம் விட்டார்கள். பிறகு டாக்டரம்மா ஒரு முனையால் மெல்லத் தொட்டுப் பார்த்தார்.

வலித்தது. நன்றாகவே வலித்தது. அவள் கை தானாகப் படுக்கையின் விளிம்பைத் தேடிப் பிடித்தது. பற்கள் ஒன்றோடொன்று கடித்துக்கொண்டன. எத்தனையோ வருஷமாகப் பழகின வாய் பூட்டிக்கொண்டுவிட்டது. சொல்லு, சொல்லு என்று உள்ளே சில்லறை ஸ்பூனோடு நிற்கிறாள், வார்த்தை வரவில்லை. அப்போது அவளுக்கு ஒரே ஒரு குரல்தான் கைகொடுத்தது.

"பயணிகள் கவனத்திற்கு," என்றாள், தெளிவாக, நிதானமாக. "வலிக்கிறது. இன்னும் மரத்துப்போகவில்லை. தயவுசெய்து சற்று நிறுத்தவும்."

டாக்டரம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. நர்ஸ் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள். "அட, நீங்கதானா அது? தினமும் நீங்க சொல்லித்தானே நான் பஸ் ஏறறேன்."

மூவரும் சிரித்துவிட்டார்கள். படுத்திருந்தவள் கண்ணீரோடு சிரித்தாள். இன்னும் கொஞ்சம் மருந்து போட்டு, இன்னும் கொஞ்ச நேரம் விட்டார்கள். திரும்பத் தொட்டபோது அங்கே அவளுக்குச் சொந்தமான எதுவும் இல்லாததுபோல் இருந்தது. பிறகு டக், டக் என்று சத்தம் மட்டும். அவ்வளவுதான். ஊசி அவள் உடம்புக்கும் ஏறியது.

ஐஸ் பையை அணைத்துக்கொண்டு வெளியே வந்தபோது கணவர் கதவை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். வெளியே கேட்டிருக்கிறது.

"உனக்கு வலிக்குதுன்னு நீ சொல்லி நான் கேட்டதே இல்ல," என்றார். "பல்லு புடுங்கினப்பவும் வலிச்சுதா?"

"வலிச்சுது."

அவர் அண்ணாந்து பார்த்தார். அந்த வராந்தாவில் மின்விசிறி இல்லை. வேறு வழியில்லாமல் அவள் முகத்தைப் பார்த்தார்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. ஆபத்தில்லாத கட்டி, அவ்வப்போது வந்து காட்டினால் போதும் என்றார் டாக்டரம்மா. சில்லறை அதை மைக்கில் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினாள். சாயங்காலம் மாடிவீட்டுக்காரம்மா விசாரிக்க வந்து உட்கார்ந்தார். மாமியார் டீயும் பிஸ்கட்டும் எடுத்து வைத்துவிட்டுத் தொடங்கினாள்:

"எங்க வீட்டுப் பொம்பளைங்கள பத்தித்தான் உங்களுக்குத் தெரியுமே. ஊசி குத்தி சதையையே எடுத்திருக்காங்க. எங்க மருமக மூச்சு விடணுமே."

"இல்ல அத்தை," என்றாள் மருமகள். "மார்புல ஊசி ஏறல. வலிச்சுது. சொன்னேன். நிறுத்திட்டாங்க."

டீயைக் குடிப்பதா வைப்பதா என்று தெரியாமல் விழித்த மாடிவீட்டுக்காரம்மா, அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லிப் போய்விட்டார். இனி வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று மருமகள் டம்ளர்களை எடுக்கக் குனிந்தாள்.

மாமியார் திட்டவில்லை. கையில் ஒரு பிஸ்கட்டை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னதும் நிறுத்திட்டாங்களா?"

"நிறுத்திட்டாங்க அத்தை."

"யாரும் ஒண்ணும் சொல்லல?"

"சிரிச்சாங்க. அப்புறம் இன்னும் கொஞ்சம் மருந்து போட்டாங்க."

மாமியாரின் கை மெல்ல இடது கன்னத்துக்குப் போய், கடைவாய்ப்பல்லுக்கு மேலே பழக்கப்பட்ட ஓர் இடத்தில் அழுத்திக்கொண்டது. உள்ளே இருந்த மகனுக்குக் கேட்டுவிடாதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கு இந்த பிஸ்கட்டை நனைச்சுத் திங்கறது என்னிக்குமே பிடிச்சதில்லடி."