மணலுக்குள் தர்பூசணி

எத்தோரேயை எனக்குப் பிடிக்கவில்லை. இதில் மறைக்க என்ன இருக்கிறது? இத்தாலியின் வடக்கே பெர்கமோக்காரன்; நாங்கள் தெற்குக் கோடி பலெர்மோ. இரண்டாவது தடவை பாஸ்தா வைக்கப் போனால் கையால் தட்டை மூடிக்கொள்கிறவன். இவனையா என் மகள் நின்ஃபா கட்டிக்கொள்வது? ஒரு வருடமாகக் கேட்கிறாள், ஒரு வருடமாக நான் பிடிகொடுக்கவில்லை. அம்மா சரி என்று சொல்லாமல் கல்யாணமே வேண்டாம் என்று அவளும் உட்கார்ந்துவிட்டாள். என் வயிற்றில் பிறந்தவள் வேறு எப்படி இருப்பாள்!

ஆகஸ்ட் பதினைந்து, மாதா திருநாள் விடுமுறையன்று பலெர்மோவில் யார் வீட்டில் இருக்கிறார்கள்? நானும் என் வீட்டுக்காரர் கஸ்பாரேயும் காலை ஐந்தரைக்கே கடற்கரைக்குப் போய்க் குடை நட்டுவிட்டோம். இரண்டு மேசை, பத்து நாற்காலி, ஒரு பெரிய தாம்பாளம் நிறையச் சுட்ட பாஸ்தா, பொரித்த கத்தரிக்காய். கஸ்பாரே தண்ணீர் ஓரமாக ஈர மணலில் குழி தோண்டி, பதினான்கு கிலோ தர்பூசணியைப் புதைத்து, மேலே ஒரு நாணல் குச்சியைச் செருகினார். மத்தியானம் எடுத்தால் பல் கூசும். எல்லாக் குடும்பமும் அப்படித்தான். எது யாருடையது என்று குச்சிதான் சொல்லும். ஒன்றில் சிவப்பு நூல், இன்னொன்றில் குழந்தையின் காலுறை.

பத்து மணிக்கு நின்ஃபா அவனைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"நாலு பேருக்கு பத்து நாற்காலியா மேடம்?" என்றான்.

"யாராவது வருவாங்க."

"யாரு?"

"யாராவதுன்னா யாராவதுதான்ப்பா!"

சும்மா உட்காரத் தெரியாத பிள்ளை. கொஞ்ச நேரத்தில் ஒரு பையை எடுத்துக்கொண்டு கரையோரம் குனிந்து குனிந்து நடந்தான்.

"என்னடி பண்றான் உன் ஆளு?"

"குப்பை எடுக்கறான்மா. நல்ல பழக்கம்தானே?"

பரவாயில்லையே என்று எனக்கே தோன்றியது. அப்படியே கண்ணசந்துவிட்டேன்.

இரண்டு மணிக்கு ஆண்கள் எல்லாரும் வாயைத் துடைத்துக்கொண்டு தர்பூசணி எடுக்கத் தண்ணீர்ப் பக்கம் போனார்கள். போனவர்கள் அப்படியே நின்றார்கள். "என் குச்சி எங்கடா?" என்று ஒருவர் அலறினார்.

என் பின்னால் எத்தோரே ஒரு கட்டுக் குச்சியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். முகமெல்லாம் பல்.

"பாருங்க மேடம், கரை பூரா சுத்தம்! அறுபத்திரண்டு குச்சி! குழந்தைங்க கால்ல குத்தியிருக்கும்."

தண்ணீரோரம் நின்ற கஸ்பாரேக்குப் புரையேறியது.

அப்புறம் நடந்த கூத்தை என்னவென்று சொல்ல! அறுபது குடும்பம் மண்டியிட்டு மணலைத் தோண்டியது. "இது என்னோடது!" "ஏன், உன் பேரு எழுதியிருக்கா?" மீன்கடை பிரொவிதென்ஸா அகப்பட்ட பழத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "தொட்டுப் பாரு, கையை ஒடிச்சிடுவேன்!" என்றாள். சிரித்துச் சிரித்து எனக்கு விலாவே பிடித்துக்கொண்டது. விஷயம் தெரிந்த எத்தோரேயும் வெளிறிப்போய் இரண்டு கையாலும் தோண்டினான். கிடைத்ததை எல்லாம் பக்கத்தில் நின்றவர் கையில் திணித்தான்.

அதற்குள் எவனோ அவன் பக்கத்தில் கிடந்த குச்சிக்கட்டைப் பார்த்துவிட்டான். கூட்டம் எத்தோரேயைச் சுற்றிக்கொண்டது.

"யாருடா இந்தக் கோமாளி? யாரோட வந்தவன்?"

"மன்னிச்சிடுங்க..." என்று அவன் வாயைத் திறந்தானோ இல்லையோ, "ஓ, வடக்கத்தியானா!" என்று கத்தினார்கள்.

நின்ஃபா என் பக்கம் திரும்பினாள். என்னையே பார்த்தாள். கெஞ்சவில்லை, அழவில்லை. ஒரு வருடமாகக் காத்திருந்தாளே, அதே மாதிரி நின்றாள். ஐயோ, அந்தப் பார்வை! கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

"என்னோட வந்தவன்!" என்று கத்தினேன். "என் மாப்பிள்ளை! ஆமா, குச்சி எடுத்தான், அதுக்கென்ன இப்போ? உங்க வீட்டு மாப்பிள்ளைங்க குடைக்கடியில குறட்டை விட்டப்போ இவன் ஒருத்தன்தான் குனிஞ்சு வேலை பாத்தான். கேக்க வந்துட்டாங்க!"

கத்தியவர்கள் ஆளாளுக்குப் பின்வாங்கினார்கள். பிரொவிதென்ஸா மட்டும் பழத்தை விட்டு எழாமலே கேட்டாள்.

"மாப்பிள்ளையா? சொல்லவே இல்லையேடி! கல்யாணம் எப்போ?"

"செப்டம்பர்ல," என்றேன். அந்தச் செப்டம்பர் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது.

நின்ஃபா போட்டிருந்த புது உடையோடு அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள்.