ரோத்தான் தழும்பு

மின்சார சிகிச்சைக்காகக் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பக்கிரிசாமி ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தான். கையிலிருந்த தாயத்தை எடுக்க நர்ஸ் கத்தரிக்கோலோடு வந்தாள்.

“குடுங்க மிஸ்ஸி, நானே வெட்டுறேன்” என்று வாங்கிக்கொண்டாள் அவன் மனைவி வீரம்மா. கிள்ளானில் சாமியாடும் அவன் அண்ணன் கன்னையா கட்டிய தாயத்து அது. கயிறு அறுபட்டபோது அவளுக்கு உள்ளே குளுகுளுவென்றிருந்தது.

பக்கிரிசாமியின் காதுக்குள் பேசும் குரல்கள் மாத்திரைக்கும் அடங்கவில்லை, ஊசிக்கும் அடங்கவில்லை. காட்டேரி என்றான் கன்னையா. ஆடி மாதம் ஒருநாள் அவள் ஸ்ரீ கெம்பாங்கானில் பேக்டரி வேலைக்குப் போயிருந்த நேரத்தில், தம்பியைக் கோயிலுக்குக் கூட்டிப்போய்த் தூணில் கட்டி ரோத்தான் பிரம்பால் விளாசிவிட்டான். ஊரே கைகட்டிப் பார்த்தது. அவள் போய்ச் சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. “வலி பேய்க்குத்தான், தம்பிக்கு இல்ல” என்றான் கன்னையா. வீரம்மா அழவில்லை. யானைக்கு ஒரு காலம் என்றால் பூனைக்கும் ஒரு காலம் வரும். புருஷனுக்குப் புத்தி தெளிய வேண்டும், ஏன் அடித்தாய் என்று அவனே அந்த ஆளைக் கேட்க வேண்டும். அந்த நினைப்பில்தான் அவள் உயிரோடிருந்தாள்.

“கரண்டு வெச்சா, கொஞ்ச நாளைக்கு முன்னால நடந்தது சிலது மறந்து போகலாம்மா” என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“என்னையே மறந்தாலும் பரவால்ல டாக்டர். ஒண்ண மட்டும் மறக்கக் கூடாது.”

“அப்படிப் பிரிச்சு எடுக்க முடியாதுலாம்மா.”

சில வாரங்களில் குரல்கள் ஓய்ந்தன. பக்கிரிசாமி ரசம் கேட்டுச் சாப்பிட்டான். ஒருநாள் குளிக்கும்போது, “முதுகுல என்னமோ வரிவரியா தட்டுப்படுது, எப்ப வந்துச்சி?” என்றான். வீரம்மாவுக்கு வயிறு எரிந்தது. சாமியும் அந்த ஆள் பக்கம்தான் போலிருக்கிறது என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கன்னையா ஆப்பிளோடு பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வந்தான். கோயில் ஆட்கள் இருவர் அவனோடு வந்திருந்தார்கள். “பாத்தீங்களா, அம்மா கைவிடல” என்று அவர்களிடம் பெருமையடித்தான். வீரம்மா காப்பியை வைத்துவிட்டு, புருஷனைத் திருப்பிப் பனியனைத் தூக்கினாள்.

“இது எப்படி வந்துச்சின்னு கேட்டீங்கள்ல? உங்க அண்ணனுக்குத் தெரியும். கேளுங்க.”

பக்கிரிசாமி அண்ணனை ஆசையாகப் பார்த்தான். “நீங்க பாத்தீங்களாண்ணே? எவன் அடிச்சான்? சொல்லுங்க, ரெண்டு பேருமா போய்க் கேட்டுட்டு வந்துருவோம்.”

கோயில் ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கன்னையாவின் காப்பியில் ஆடை படிந்தது. வீரம்மா போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து, அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.