ஒன்பதாவது துண்டு

அந்த நாலு பக்கக் கடிதம் அன்றைக்கும் வந்திருந்தது. ஹபீபா அதைப் படிக்காமலே கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டாள். அதன் கூடப்பிறந்தவை ஆறு ஏற்கெனவே அங்கே கிடந்தன. ஒன்பது நாளாக அவள் கேட்பது ஒன்பதாவது துண்டு. ஏழு நாளாக வருவதோ, துண்டு கேட்பது எப்படி என்று விளக்கும் இந்தக் கடிதம். பசிக்கிறது என்று கை நீட்டியவளுக்குச் சோறு போடாமல், சாப்பிடும் முறையைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறவனை என்ன சொல்லித் திட்டுவது? அதுவும் அவன் மனிதனாக இருந்தாலாவது திட்டலாம்.

எல்லாம் அவள் வாயால் வந்த வினை. பம்பாய் செம்பூரில் ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடியில் நெல்லையப்பன் நடத்திய கம்ப்யூட்டர் கம்பெனியில் அவள் சேர்ந்து ஐந்து மாதம் முடிந்திருந்தது. ஆறு மாதம் சோதனைக் காலம். 1989 ஜூன் மாத முடிவில் வேலை நிரந்தரமாகும், அல்லது ஆகாது. ஐரோலிப் பக்கத்துச் சாயக் கம்பெனி ஒன்று புதிதாக யூனிக்ஸ் மெஷின் வாங்கியிருந்தது. பழைய மெஷினில் இருக்கிற சரக்கு விவரங்களை அதற்கு மாற்றித் தரவேண்டும். மாற்றுகிற ப்ரோகிராமை விலைக்கு வாங்குவதா என்று நெல்லையப்பன் மோவாயைத் தடவிக்கொண்டிருந்தபோது, யாரும் கேட்காமலே ஹபீபா சொன்னாள், "அது சும்மாவே கிடைக்கும் சார். முப்பதாம் தேதிக்குள்ள நான் வரவழைச்சுத் தாரேன்."

நெல்லையப்பன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "சும்மா எவன்ம்மா குடுப்பான்?"

அவள் சொன்னது பொய்யில்லை. யூனிக்ஸ்காரர்களுக்கு அப்படி ஒரு நல்ல பழக்கம் உண்டு. எழுதியதைப் பூட்டி வைக்காமல் ஊருக்குப் பொதுவில் வைப்பார்கள். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக் கிடங்கில் அந்த ப்ரோகிராம் இருந்தது. இன்னது வேண்டும் என்று மெயில் போட்டால் ஒரு மெஷின் அதைப் படித்து, கேட்டதை மெயிலிலேயே அனுப்பிவைக்கும். பெரிய சரக்கு ஒரே மெயிலில் போகாது என்பதால் அதைப் பதினோரு துண்டாக வெட்டி வைத்திருந்தார்கள். ஒரு நாளைக்கு இரண்டு துண்டுக்கு மேல் கிடையாது. இங்கிருந்து நகரத்தில் இருந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்கு டெலிபோன் போட்டு, மோடம் வழியாக மெயிலை ஒப்படைத்தால், அவர்கள் கடல் கடந்து அனுப்புவார்கள். பதில் வர இரண்டு நாள் ஆகும்.

எட்டுத் துண்டு வந்து சேர்ந்தது. எல்லாம் அவளே மாலை நேரத்தில் உட்கார்ந்து டைப் அடித்து அனுப்பியவை. அப்புறம் மழை வந்தது. பம்பாயில் மழை பெய்தால் ரயில் நிற்பதற்கு முன்னால் டெலிபோன் நிற்கும். விசில் சத்தம் கேட்டு இணைப்பு வந்த மறு நிமிடம் கரகரவென்று இரைந்து அறுந்துபோகும். மூன்று மாலை இப்படிப் போனதும் நெல்லையப்பன் புது ஏற்பாடு செய்தார். "காலையில ஆறு மணிக்கு லைன் காலியா இருக்கும். முகைதீன் பாய் அடிச்சு அனுப்பட்டும். நீ சும்மா காலிபீலி டைமைப் போக்காத."

முகைதீனுக்கு ஊர் கடையநல்லூர். தாராவியில் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் டைப்பிஸ்டாக இருந்து, அது மூடியபிறகு இங்கே வந்தவர். டைப் அடிப்பது, சாவி வைத்திருப்பது, போன் எடுப்பது எல்லாம் அவர் வேலை. ஆபீஸின் பின்னறைதான் அவருக்கு வீடு. அவர் அடித்தால் ஓர் எழுத்துப் பிசகாது. ஆபீஸ் கடிதங்களின் தலையில் 786 என்று அடித்துவிட்டுத்தான் அடுத்த வேலை. அது பிஸ்மிக்கு உரிய எண்; பிஸ்மி சொல்லாமல் ஒரு காரியம் தொடங்குவாரா மனிதர்? நெல்லையப்பனும் அதைத் தடுத்ததில்லை. பக்கத்திலேயே பேனாவால் பிள்ளையார் சுழி போட்டுக் கையெழுத்திடுவார். ரெண்டு காவல் இருந்தா நல்லதுதானே என்பார்.

அதனால் ஹபீபா மாலையில் சீட்டில் எழுதி வைத்துவிட்டுத் தாராவிக்கு பஸ் ஏறுவாள். காலையில் முகைதீன் அதைப் பார்த்து அடித்து, நாற்பது தடவையானாலும் சலிக்காமல் போனைச் சுழற்றி, அனுப்பிவிட்டு, அனுப்பியதன் நகலை அச்செடுத்து அவள் மேஜையில் வைத்திருப்பார். அவள் சிவப்புப் பேனாவை எடுத்து ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்ப்பாள். ப்ரோகிராம் பெயர் சரி. துண்டு எண் சரி. டிக் அடிப்பாள். எல்லாம் சரியாக இருந்தால் எதற்கு அந்தப் பிரசங்கக் கடிதம் வருகிறது?

முதல் நாள் அமெரிக்க மெஷினைத் திட்டினாள். இரண்டாம் நாள் டெலிபோன் இலாகாவை. மூன்றாம் நாள் ஆராய்ச்சி நிலையத்துக்கு போன் போட்டால், அங்கிருந்தவன் "ஹமாரே தரஃப் சே சப் டீக் ஹை", எங்கள் பக்கம் எல்லாம் சரி, என்று சொல்லி வைத்துவிட்டான். மெயிலைக் கவனிக்கிற அம்மாள் லீவாம். நாலாம் நாளிலிருந்து யாரைத் திட்டுவது என்று தெரியாமல் வீட்டில் தட்டை நங்கென்று வைத்தாள், தம்பியிடம் எரிந்து விழுந்தாள்.

"வந்துச்சாம்மா?" என்று நெல்லையப்பன் தினமும் கேட்டார். கோபமில்லாமல்தான் கேட்டார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"இன்னைக்கும் இல்லியா பிள்ள?" என்று முகைதீனும் கேட்டார். "ஏன்னு தெரியலயே. நான் ஓதிட்டுத்தான் அடிக்கேன்."

இருபத்தேழாம் தேதி, ஏழாவது கடிதத்தைக் கிழித்துப் போட்ட கையோடு, அவள் மறுபடி ஆராய்ச்சி நிலையத்துக்கு போன் போட்டாள். இந்தத் தடவை மெயிலைக் கவனிக்கிற அம்மாளே எடுத்தாள், மாட்டுங்காக்காரி வாலாம்பாள். லீவு முடிந்து அன்றைக்குத்தான் வந்திருந்தாள்.

"எங்க மெயில நீங்க ஒழுங்கா அனுப்புறீங்களா இல்லியா?" ஹபீபாவின் குரல் உயர்ந்துவிட்டது. "ஏழு நாளா ஒரே கடிதம் வருது மேடம். இன்னும் மூணு நாளுதான் இருக்கு. எனக்கு வேலை போயிரும்."

"ஏம்மா இப்படிப் படபடக்கறேள்? உங்க மெயில் எல்லாம் எங்க மெஷின் வழியாத்தானே போறது, காப்பி இருக்கும். இருங்கோ, பாக்கறேன்." கீபோர்டைத் தட்டும் சத்தம். "இதோ இருக்கு. அதுசரி, மேலே எழுநூத்தி எண்பத்தாறுன்னு போட்டிருக்கேளே, அது என்னது? துண்டு நம்பரா?"

ஹபீபா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"கேக்கறதா? அந்த சர்வருக்கு முதல் வரியே கட்டளையா இருக்கணும். முதல் வரி புரியலேன்னா மேற்கொண்டு படிக்காது. எப்படிக் கேக்கறதுன்னு ஒரு பாடம் அனுப்பிடும். அந்த நம்பரை எடுத்துடுங்கோ, சரியாப் போயிடும்."

நன்றி சொன்னாளா, சொல்லாமலே வைத்தாளா என்று அவளுக்கு நினைவில்லை. அலமாரியிலிருந்து நகல் கோப்பை உருவினாள். ஒன்பது தாள், கடைசி இரண்டுக்கு இன்னும் பதில் வரவில்லை. ஒன்பதின் உச்சியிலும் நடுவாக, அழகாக, 786. அதற்குக் கீழே ஒவ்வொன்றிலும் அவளுடைய சிவப்பு டிக்.

அவள் பார்க்காமல் இல்லை. ஒன்பது நாளும் பார்த்தாள். பள்ளிக்கூடப் பரீட்சைத் தாளில், டைரியில், இந்த வேலைக்குப் போட்ட மனுவில்கூட அவள் கையாலேயே எழுதிய எண் அது. அது அங்கே இருப்பது கண்ணில் படவேயில்லை. இல்லாமல் இருந்திருந்தால்தான் பட்டிருக்கும். வேறு யார் பார்த்திருந்தாலும் முதல் நாளே இது என்ன என்று கேட்டிருப்பார்கள். உலகத்தையெல்லாம் திட்டித் தீர்த்த வாய்க்கு இப்போது திட்ட ஓர் ஆள் கிடைத்தாள், அவளே.

அன்று மாலை ஏழு மணிவரை தானே போனைச் சுழற்றினாள். மழை விடவில்லை, லைனும் உயிர் பெறவில்லை. வேறு வழியில்லை, காலையில் முகைதீன்தான் அனுப்ப வேண்டும். அவரிடம் எப்படிச் சொல்வது? அதைப் போட்டதால்தான் வரவில்லை என்று அந்த மனிதரிடம் எந்த நாக்கால் சொல்வது?

"சாச்சா, நாளைக்கு மொத வரியில கட்டளை மட்டும்தான் இருக்கணும். மேல வேற எதுவும் வரப்படாது. அந்த மெஷினு கிறுக்குப் பிடிச்ச மெஷினு."

முகைதீன் சீட்டை வாங்கிப் படித்தார். அவருக்கு விளங்கிவிட்டது. முகம் சுண்டிப்போயிற்று.

"அப்ப நான்தான் கெடுத்தேனா?"

"நான்தான் தெனமும் பாத்து டிக் போட்டேன். உங்க மேல என்ன இருக்கு?"

"மொதலாளிட்ட நான் சொல்லிருதேன் பிள்ள."

"வேண்டாம் சாச்சா. உங்களுக்கு இந்த ரூமும் போயிரும். பேசாம இருங்க."

அவர் சீட்டை மடித்துப் பையில் வைத்தார். போகிறவர் திரும்பி, தயங்கிக் கேட்டார். "கடைசி வரியில போட்டுக்கிடலாமா?"

ஏழு நாளில் முதல் தடவையாக ஹபீபாவுக்குச் சிரிப்பு வந்தது. முடிந்தது என்ற கட்டளைக்குப் பிறகு அந்த மெஷின் எதையும் படிக்காது. "போடுங்க சாச்சா. நல்லாப் போடுங்க."

முப்பதாம் தேதி காலையில் ஒன்பதும் பத்தும் வந்து இறங்கின. பதினொன்றாவது மறுநாள்தான் வரும். சாயக் கம்பெனிக்காரர்கள் பதினொரு மணிக்கு வந்தார்கள். "ஒரு நாள் பொறுங்க சார், ஒரே நாள்" என்று ஹபீபா கெஞ்சினாள். பத்துத் துண்டு வைத்துக்கொண்டு கெஞ்சுவதும், துண்டே இல்லாமல் கெஞ்சுவதும் அவர்களுக்கு ஒன்றுதான். கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். தாணாப் பக்கம் வேறு ஆள் பார்த்து வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள் என்பது அவர்கள் எழுந்த வேகத்திலேயே தெரிந்தது.

"எங்கம்மா தப்பு நடந்துச்சு?" என்று நெல்லையப்பன் கேட்டார்.

"எழுதிக் குடுத்தது நான், சரிபாத்ததும் நான் சார். கவனிக்காம விட்டுட்டேன்."



சனிக்கிழமை காலை பதினொன்றாவது துண்டு வந்தது. ஹபீபா எல்லாவற்றையும் ஒட்டி ஓடவிட்டாள். ஒரு பிழை இல்லாமல் ஓடியது. பார்ப்பதற்குத்தான் யாரும் இல்லை. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இரண்டு ஃப்ளாப்பியில் அதைப் பிரதி எடுத்து, வாலாம்பாள் பெயரை எழுதினாள். இனி பம்பாயில் எவளுக்காவது இது தேவைப்பட்டால் கடல் கடந்து பிச்சை கேட்க வேண்டாம்.

மேஜைமேல் ஒரு கவர் இருந்தது. உள்ளே ஒரே பத்தி. அவளுடைய சோதனைக் காலம் முடிந்துவிட்டது, கம்பெனிக்கு இனி அவள் சேவை தேவையில்லை. ஓர் எழுத்துப் பிசகில்லாமல் அடித்திருந்தது. நெல்லையப்பனின் பிள்ளையார் சுழி இருந்தது, கையெழுத்தும் இருந்தது. சுழிக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது.

பக்கத்து மேஜையில் தபாலுக்குப் போகவேண்டிய கடிதங்கள் கிடந்தன. அவள் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். எல்லாவற்றிலும் 786 இருந்தது.

பின்னறை வாசலில் முகைதீன் நின்றார்.

"அதுல போட எனக்குக் கை வரல, பிள்ள" என்றார்.